திருப்பிக் கொடுக்காத தட்டு

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். எறியவும் மனமில்லாமல், பாவிக்கவும் மனமில்லாமல் உங்கள் தாய்மார் வைத்திருக்கும் சாமான் எது? எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு தட்டு. வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக் கோடு, ஓரிடத்தில் எனாமல் உதிர்ந்து இரும்பு கறுப்பாகத் தெரியும். ஒக்லண்டில் நாங்கள் நான்கு வீடு மாறிவிட்டோம். மெத்தைக் கதிரைகள் போயின, தொலைக்காட்சிப் பெட்டிகள் போயின, அப்பாவும் போய்விட்டார். அந்தத் தட்டு மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சமையலறை அலுமாரியின் உச்சியில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியபடி இருந்தது. அதில் யாரும் ஒரு பருக்கை தின்றதில்லை. ஏனென்றால் அது எங்களுடைய தட்டு இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. சான்ட்ரிங்ஹாம் பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் ஒரே வளவுக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு மரவீடுகள். முன்வீடு எங்களுக்கு. கார்ப்பாதை ஒன்று, குடைபோலச் சுழலும் உடுப்புக்கொடி ஒன்று, இரண்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம். அப்பா ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார், விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார்.

நாங்கள் சந்தேகத்தில் வளர்ந்த பிள்ளைகள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்களும் அப்படித்தானே. தொலைபேசி அடித்தால் எடுத்து வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நிற்போம். அந்தப் பக்கத்து ஆள் பெயர் சொல்லும்வரை எங்கள் பெயர் வெளியே வராது. யாராவது கதவில் தட்டினால் அப்பா திரைச்சீலையை ஒரு விரலளவு விலக்கிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் எந்த நாடு என்று கேட்டால் சொல்லலாம், எந்த ஊர் என்று சொல்லக்கூடாது. "வாயைத் திறந்தவன் கெட்டான், மூடினவன் தப்பினான்" என்பது அப்பாவின் வேதம். சான்ட்ரிங்ஹாமில் எங்களைப் பிடித்துக்கொண்டு போக எவன் வரப்போகிறான் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தப் பயத்துக்கெல்லாம் நடுவில் ஒரு ஆள் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா. நாங்கள் முன்னால் வெளிக்கிட, அவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. அந்த நாளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வரத் தரைப்பாதை இல்லை, கடனீரேரியைப் படகில் கடக்க வேண்டும். மாமா படகில் ஏறினார் என்று செய்தி வந்தது. அக்கரையில் இறங்கினார் என்று வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு செய்தியும் இல்லை.

"வருவான்" என்பார் அம்மா. அவ்வளவுதான், அதற்கு மேல் கதையில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமாவுக்கு ஒரு புதுச் சேட் வாங்குவார். கடையில் நிற்கும் யாராவது ஒரு பெடியனின் முதுகை உற்றுப் பார்த்து அளவு மட்டுக்கட்டி வாங்குவார். அந்தச் சேட்டுகளும் மாமாவின் ஒரேயொரு படமும் அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் குளமும் அன்னமும் வரைந்த ஸ்டூடியோச் சீலை, மாமாவின் சேட் கொலரில் ஒரு பக்கம் மடியாமல் நிமிர்ந்து நிற்கும். அம்மாவின் அப்பா இறந்தவர் என்பதால் அவர் படம் மாலையோடு சுவரில் தொங்கியது. மாமாவின் படத்துக்குச் சட்டம் போடக்கூட அம்மா விடவில்லை. "சட்டம் போட்டால் அடுத்தது மாலைதான்" என்பார். அலுமாரித் திறப்பு, அதாவது சாவி, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் கிடக்கும். அது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா கண்ணுக்கு முன்னால் இருக்கும் உப்பையே கண்டுபிடிக்காத மனுசன்.

அப்படியிருந்த எங்கள் வளவுக்குள் ஒரு ஆடி மாத மழையில் பின்வீட்டுக்காரி வந்து சேர்ந்தாள். தனி மனுசி, ஐம்பது வயதிருக்கும். ஒரு சூட்கேஸ், ஒரு பெரிய அலுமினியப் பானை, ஒரு கருங்கல் உரல். நிறம் எங்கள் நிறம். இடுப்பு வரைக்கும் கறுத்தப் பின்னல். இதுதான் முதல் சந்தேகம்.

"உவள் எங்கட ஆள்தான்" என்றார் அம்மா, குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு. "தமிழ் தெரியாத மாதிரி நடிக்கிறாள்."

"ஏன் நடிக்கிறாள்?" என்று அப்பா கேட்டார்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

அடுத்த நாள் உடுப்புக் காயப்போடும்போது அம்மா பரீட்சை வைத்தார். பின்வீட்டுக்காரி பக்கத்தில் நிற்க, தமிழில் திடீரென்று, "ஐயோ, காலிலை கரப்பொத்தான்!" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, உடுப்புக்குக் கவ்வி போட்டாள். கால் அசையவில்லை.

"சரிதானே, தமிழ் தெரியாது" என்றார் அப்பா.

"அல்லது கரப்பொத்தானுக்குப் பயமில்லாதவள்" என்றார் அம்மா. அம்மாவை யாரும் வாதத்தில் வென்றதில்லை.

அவள் மெக்சிக்கோக்காரி என்று எங்களுக்குச் சொன்னது வீதியில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ்நாட்டு அண்ணன். அவருக்கும் அவள்மேல் ஒரு சந்தேகக் கண்.

"அக்கா, உங்க பின்வீட்டு அம்மா இருக்காங்கள்ல? வந்தாங்கன்னா காஞ்ச மிளகாய், புளி, வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு, மூணும் வாங்குறாங்க. வெத்திலை வேணுமான்னு கேட்டா வேணாம்கிறாங்க. சுண்ணாம்பு மட்டும் அஞ்சு டப்பா. எதுக்குன்னு கேட்டா, சமைக்கங்கிறாங்க!"

"சமைக்கவோ?" அம்மாவின் கண்கள் விரிந்தன.

உண்மைதான். சனிக்கிழமைகளில் அவள் அந்தப் பெரிய பானையில் காய்ந்த சோளத்தைக் கொட்டி, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி அவிப்பாள். வெள்ளையடித்த சுவரில் மழை பட்டால் வருமே, அந்த மணம் கார்ப்பாதை முழுக்க வரும். பிறகு சோளத்தைக் கழுவிக் கோது நீக்கி, கருங்கல்லில் அரைத்து, கையால் தட்டி ரொட்டி சுடுவாள். சுண்ணாம்பில் அவித்தால்தான் சோளம் மாவாகப் பிடிக்கும், அது அவர்களுடைய ஆயிரம் வருடத்துச் சமையல் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் குசினியில் கூடிய மகாநாட்டுக்குத் தெரியாது. மகாநாடு என்றால் இரண்டு பேர். அம்மாவும், மூன்று வீடு தள்ளியிருந்த மன்னார் அன்ரியும். மன்னார் அன்ரி வேதக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை, அம்மாவுக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே சிநேகிதி.

"அக்கா, மனுசர் சுண்ணாம்பு தின்னுவினமே?" என்று அம்மா கேட்டார்.

"பச்சை மீனையும் தேசிக்காய்ப் புளியிலை ஊறவைச்சுத் தின்னுறாளாம் தங்கச்சி. அடுப்பே மூட்டுறேல்லையாம்."

"செய்வினைக்காரியாய் இருப்பாளோ?"

மன்னார் அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டார். அதோடு தீர்ப்பு எழுதியாயிற்று. என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, உடுப்பு எடுக்கிற சாட்டிலை போய் என்ன செய்யிறாள் எண்டு பாத்திட்டு வா. ஒண்டும் வாங்கித் தின்னாதை, கண்டியோ?" என்று அனுப்பினார்கள்.

வேவு பார்க்கப் போன முதல் நாளே நான் வாங்கித் தின்றேன். அவள் படிக்கட்டில் இருந்து பச்சை அப்பிள் ஒன்றைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, தேசிக்காய் பிழிந்து நீட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை மாங்காயை உப்பும் தூளும் போட்டு ஊரில் தம்பியோடு அடிபட்டுத் தின்ற கதையை அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பார். இந்த மனுசிக்கு அது எப்படித் தெரியும்? அம்மா சொன்ன மாதிரி எங்கட ஆள்தானோ? எச்சில் ஊற ஊறச் சந்தேகப்பட்டுக்கொண்டே தட்டை வழித்துத் தின்றேன். நீலக் கோடு போட்ட எனாமல் தட்டு.

"என்ன தந்தவள்?" என்றார் அம்மா.

"ஒண்டும் தரேல்லை."

பொய் சொல்ல நான் பழகியது அந்த வளவில்தான். பிறகு கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போனேன். அவள் விடியப்புறம் எல்லர்ஸ்லியில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்துவிட்டு, நான் பள்ளிக்கூடத்தால் வரும் நேரம் வீட்டில் இருப்பாள். அவளுடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். அதனால் இரண்டு பேருக்கும் விளங்கியது. தன்னுடைய ஊரைச் சொல்வாள். கடற்கரை ஊர். மீனைப் பிளந்து செத்தல் மிளகாய்க் கூட்டுத் தடவி மணலிலேயே தணல் போட்டுச் சுடுவார்களாம். இளநீர் குடித்த பிறகு வழுக்கையை வெட்டி அதற்கும் உப்பும் தூளும் போடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஊரே நல்லதாக உடுத்திக்கொண்டு கோயில் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடக்குமாம், பொம்பிளைப் பிள்ளைகள் ஒரு பக்கமாக, பெடியன்கள் எதிர்ப்பக்கமாக. வருடத்தில் ஒரு நாள் மாதா சிலையைப் பூச்சோடித்த வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார்களாம், ஊர் வள்ளமெல்லாம் வெடி கொளுத்திக்கொண்டு பின்னால் போகுமாம்.

இதை நான் வேவு அறிக்கையாக வீட்டில் சொன்னபோது மன்னார் அன்ரி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு யன்னலால் பின்வீட்டைப் பார்த்தார். அவருடைய ஊரிலும் மாதா கடலுக்குப் போவார் என்று பிற்காலத்தில்தான் அறிந்தேன். அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும். அவர் சொல்லவில்லை. சிநேகிதியின் சந்தேகத்துக்குக் குறுக்கே நிற்க அவருக்கு மனமில்லை.

புரட்டாதி பிறக்க, அவளுடைய யன்னலில் வரிசையாக ஐஸ்கிறீம் பெட்டிகள். அதற்குள் நாற்று. குளிருக்கு வெளியே வைக்காமல் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தாள். ஒக்டோபர் கடைசியில் எல்லாம் பூத்தன. செம்மஞ்சள் நிறத்தில் உருண்டை உருண்டையாகத் துலுக்கச் செவ்வந்தி. எதற்கு என்று கேட்டேன்.

"செத்தவர்களுக்கு" என்றாள்.

நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் ஊரில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். படத்தை வைத்து, பூவும் மெழுகுதிரியும் வைத்து, அவரவருக்குப் பிடித்த சாப்பாடு சமைத்து வைத்து, வாசல் கதவைத் திறந்துவிட வேண்டுமாம். அவளுடைய புருசன் மீன்பிடிக்கப் போய் வராமல் போனவர். உடம்பு கிடைக்கவில்லை. "உடம்பு வராதவர்களுக்குத்தான் முக்கியமாக வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பாவம், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பசியோடு நிற்பார்கள்" என்றாள்.

என் மாமா கேட்டுச் சாப்பிடாத ஆள் என்று அம்மா எப்போதும் சொல்வார். இன்னொரு அகப்பை சோறு வேண்டுமென்றால்கூட வாய் திறக்கமாட்டாராம், கோப்பையைப் பார்த்தபடி இருப்பாராம். அந்த மாமா யாரோ தெரியாத வீட்டு வாசலில் கோப்பையும் இல்லாமல் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"என் மாமாவும் வள்ளத்தில் போனவர். வரவில்லை" என்றேன்.

அவள் கையைத் துடைத்துவிட்டு என் தலையில் கை வைத்தாள். "படம் இருந்தால் கொண்டு வா. இடம் இருக்கிறது."

அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, என் வயதுக்காரர்களே. நான் சொன்னதை வைத்து அவள் மாமாவைச் செத்தவர் என்று எடுத்துக்கொண்டாள். மாமா செத்தவர் இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. அடுத்த நாள் அம்மா குளிக்கும் நேரம் பார்த்து, பால்மா ரின்னைத் திறந்து, அலுமாரியைத் திறந்து, படத்தை அப்பியாசக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூட்டைத் திரும்பப் பூட்டி, திறப்பையும் இருந்த இடத்தில் வைத்தேன். இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது.

அந்த வருடம் தீபாவளியும் அதே நாட்களில் வந்து விழுந்தது. வெள்ளைக்காரர் நவம்பர் ஐந்தில் கொளுத்தும் கை ஃபோக்ஸ் வெடிகள் கடைகளுக்கு வரும் காலம், அதனால் எங்களுக்கும் வெடிக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல்நாள் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். தாத்தாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்துச் சோறு கறி எல்லாம் வைத்து, கற்பூரம் காட்டி, அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிடும்போது நாங்கள் பார்க்கக்கூடாது. இலைக்கு எதிர்வீட்டில் இருந்த தொங்கா தீவுக்காரரின் வாழைதான் கதி. அன்று அம்மா இலை வெட்டப் போய்ப் பொருமிக்கொண்டு வந்தார்.

"நல்ல தலைவாழையிலை நாலையும் உவள் முந்திக்கொண்டு வெட்டிப்போட்டாள். இண்டைக்குப் பாத்து அவளுக்கு ஏன் இலை? இதிலை என்னவோ இருக்கு அக்கா."

"இருக்கும்" என்றார் மன்னார் அன்ரி. அவருக்கு அடுத்த நாள் கல்லறைத் திருநாள். செத்தவர்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும் நாள், பின்வீட்டிலும் அதற்குத்தான் ஆயத்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இலை எதற்கென்று தீபாவளியன்று காலையில் தெரிந்தது. பின்வீட்டுக்காரி முதல்தரமாக எங்கள் கதவைத் தட்டி, அந்த நீலக்கோட்டுத் தட்டு நிறைய வாழையிலைப் பொட்டலங்கள் தந்துவிட்டுப் போனாள். பிரித்தால் சோளமாவுக்குள் மிளகாய் போட்ட கோழி, அப்படியே கொழுக்கட்டை மாதிரி ஆவி பறக்கிறது. அம்மா அதை வாயில் வைக்கவில்லை, என்னையும் தொடவிடவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. எதிரி வீட்டுத் தட்டு என்றாலும் வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. பயித்தம் பணியாரமும் சீனி அரியதரமும் அடுக்கி, புதுச்சேலையோடு புறப்பட்டார். துணைக்கு மன்னார் அன்ரி. "நான் குடுத்திட்டு வாறன், அம்மா" என்றேன்.

"வேண்டாம். உள்ளுக்கை என்ன வைச்சிருக்கிறாள் எண்டு நான் ஒருக்காப் பாக்கவேணும்."

அவளுடைய வாசல் அகலத் திறந்திருந்தது. காற்றுக்குச் சாத்தாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருந்தாள். வாசலில் இருந்து உள்ளே வரைக்கும் பூவிதழ் பாதைபோலப் போட்டிருந்தது. உள்ளே மேசைமேல் மேசையாக அடுக்கி, வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரிகள், பழங்கள், சுட்ட மீன், சீனியில் செய்த சின்னச் சின்ன மண்டையோடுகள். நடுவில் அவளுடைய புருசன். அவருக்குப் பக்கத்தில் கொலர் மடியாத சேட்டோடு என் மாமா. கழுத்தில் செவ்வந்தி மாலை.

அம்மாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"ஐயோ! உயிரோடை இருக்கிறவனுக்கு மாலை போட்டிட்டாளே! என்ர பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டாளே!"

பணியாரமெல்லாம் நிலத்தில் உருண்டன. அம்மா பாய்ந்து படத்தைப் பிடுங்கி, மாலையைப் பிய்த்தெறிந்து, காலால் மிதித்தார். அவள் திகைத்துப்போய் நின்றாள். பிறகு மெல்ல என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, கேள்வியாக. நான் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அப்போது வாய் திறந்திருந்தால் ஒரு அடி விழுந்திருக்கும், இரண்டு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் நிலத்தில் கிடந்த அரியதரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கள்ளி! எங்கட வீட்டுக்கை எப்பிடிப் பூந்தனி?" என்று அம்மா தமிழிலேயே கத்தினார்.

அவளுக்கு மொழி விளங்கவில்லை, விசயம் விளங்கியது. என்னை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, அம்மாவிடம் ஆங்கிலத்தில் இரண்டே சொல் சொன்னாள். "என் பிழை." மன்னார் அன்ரி அந்த மெழுகுதிரிகளுக்கு முன்னால் ஒருவருக்கும் தெரியாமல் சிலுவை போட்டதை நான் கண்டேன். அவரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மாவின் ஒரு கையில் படம், மறு கையில் தட்டு. தட்டைப் பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அன்று எங்களுக்குத் தீபாவளி இல்லை. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி எரித்தார், தேசிக்காய் வெட்டிக் கார்ப்பாதையில் எறிந்தார். அதுவும் போதாதென்று, தீட்டுப் போகவேண்டுமென்று மாமாவின் படத்தை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் துடைத்தார். பழைய படம், தண்ணீரில் ஊறி மேல்பூச்சுப் பொங்கிவிட்டது. துடைக்கத் துடைக்க முகம் துணியோடு வந்தது. அம்மா நிறுத்தியபோது அன்னமும் குளமும் மிஞ்சியிருந்தன, நடுவில் மஞ்சளாய் ஒரு வெறுமை. அவர் அந்தத் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் என் அறைக்குப் போய்த் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அப்போதும் சொல்லவில்லை.

அதன்பிறகு அந்த வளவில் யாரும் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் கதை போய்விட்டது, கடைக்கார அண்ணன்கூட அவளுக்குச் சுண்ணாம்பு முடிந்துவிட்டது என்று சொன்னார். அவள் உடுப்பு போட்டால் அம்மா கொடியைக் கழுவிவிட்டுத்தான் எங்கள் உடுப்பைப் போடுவார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை முடிய அவள் வீட்டை விட்டுப் போனாள். போகிற அன்று தெருமுனை டெய்ரிக் கடை வாசலில் என்னைக் கண்டு ஒரு கடித உறை தந்தாள். ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பவென்று தன் படையலைப் படம் எடுத்தாளாம், அதில் ஒரு பிரதி. "உன் மாமா படத்தில் நன்றாக விழுந்திருக்கிறார்" என்றாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை, யாராவது பார்க்கிறார்களோ என்று தெருவைத்தான் பார்த்தேன்.

தை மாதம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மாமா ஏறிய படகு கவிழ்ந்தது என்று, நீந்தித் தப்பிய ஒருவர் இப்போதுதான் வெளியே வந்து சொன்னாராம்.

"நவம்பரிலை மாலை போட்டாள், தையிலை கடிதம்" என்றார் அம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"படகு கவிண்டு ரெண்டு வருசமப்பா" என்று அப்பா மெல்லச் சொல்லிப் பார்த்தார். அம்மா எழுந்து போய் அலுமாரியிலிருந்த சேட்டுகளை எல்லாம் ஒரு பையில் கட்டினார். முகமில்லாத படத்துக்கு மாலை போடவும் இல்லை, படைக்கவும் இல்லை. மாமாவின் பெயரே எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எடுபடவில்லை.

அந்த உறையை நான் முப்பது வருடத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்தேன். அட்லஸ் புத்தகத்துக்குள், பிறகு என் கலியாண அல்பத்தின் அட்டைக்குள். உலகத்தில் மாமாவின் முகம் இருந்த ஒரே இடம் அதுதான். அம்மா அதை ஒருநாளும் காணக்கூடாது என்றுதான் இருந்தேன்.

போன வருடம் மன்னார் அன்ரி இறந்தார். செத்தவீட்டில் அவருடைய சிரித்த முகம் அச்சடித்த அட்டை தந்தார்கள். இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறார், எழுபது கடந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்த அட்டையைக் கையில் வைத்தபடி சொன்னார்: "எனக்குத் தம்பியின்ரை முகம் மறந்துபோச்சு பிள்ளை. கண்ணை மூடினால் அன்னம்தான் வருது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உறையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். மெழுகுதிரிகள், மண்டையோடுகள், செவ்வந்தி மாலைக்குள் மாமா. கத்தப்போகிறார் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொலர் மடியேல்லை, பாத்தியே" என்றார். "படம் எடுக்கிறவனுக்கு நான் சொன்னனான். கேக்கேல்லை."

"அம்மா, அண்டைக்கு அலுமாரியாலை எடுத்துக் குடுத்தது நான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. பூட்டு உடையேல்லை. திறப்பு ரின்னுக்குள்ளை கிடந்தது. அந்த ரின்னை ஆருக்கடி தெரியும்?"

"அப்ப ஏன் அவவை…"

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்னிலை பழியைப் போட்டால் சாகும்வரைக்கும் உன்ரை முகத்தைப் பாக்கேக்கையெல்லாம் எனக்கு அது வரும். நீ எனக்கு ஒரே பிள்ளை. அவள் பிறத்தி, வெளி ஆள். பிறத்தியிலை போட்டிட்டன்." கொஞ்சம் பொறுத்து, "அவளுக்கும் தெரியும். அதுதான் வாய் திறக்காமல் போனவள்" என்றார்.

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடமும் நான் அம்மாவுக்கு ஒளித்துக்கொண்டிருக்க, அம்மா எனக்கு ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நல்ல மனுசியைக் கள்ளியாக்கி அனுப்பிவிட்டோம். அவள் எங்கே போனாள், இருக்கிறாளா என்று விசாரிக்க எங்களுக்கு அவளுடைய முழுப்பெயர்கூடத் தெரியாது.

"அந்தத் தட்டை எடு" என்றார் அம்மா.

பத்திரிகைத் தாளைப் பிரித்துத் தட்டைக் கழுவினேன். அம்மா தானே சோறு போட்டு, மத்தியானம் வைத்த ஸ்னாப்பர் மீன்குழம்பிலிருந்து நல்ல நடுத்துண்டாக எடுத்து, ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். "முள்ளெடுக்கத் தெரியாது அவனுக்கு. கேட்டும் சாப்பிடமாட்டான்" என்று சொல்லிச் சொல்லிப் பிடுங்கினார். படத்தைச் சீனிப் போத்தலில் சாய்த்து நிறுத்தி, தட்டை முன்னால் வைத்தார். பக்கத்தில் இன்னொரு கைப்பிடி சோறு வைத்தார். படத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் அவளுடைய புருசனும் இருந்தார். கற்பூரம் காட்டி முடிந்தது.

எங்கள் வழக்கம்போல எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். நான் கதவில் கை வைத்தேன்.

"சாத்தாதை" என்றார் அம்மா. "வாசல் கதவையும் திறந்து விடு. அவனுக்கு இந்த வீடு தெரியாது."

வாசலில் நல்ல காற்று. கதவை அகலத் திறந்து, அடித்துச் சாத்தாமல் ஒரு கதிரையை முட்டுக்கொடுத்தேன்.